தினமும் ஏழு மணிக்கு விழுகிறவள்

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்தார்கள். எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "கையில அந்த வாட்ச் கெட்டியிருந்தியளே, பெறவு எப்பிடி?" பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. இப்போது வாக்கர் இல்லாமல் அடுக்களை வரை போய் வருகிறேன், நேரமும் இருக்கிறது, அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து இதே மாதிரி வாட்ச் வாங்கி அனுப்பியிருக்கிற ஆட்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அவர்களுக்காவது உதவட்டும்.

நான் எஸ்தர். அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது எழுபதைத் தாண்டியாயிற்று. இராஜாக்கமங்கலம் பக்கம் சொந்த வீடு. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருக்கிறேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் மகளுக்குத்தான். ஷைனி மஸ்கட்டில் பள்ளிக்கூட ஆசிரியை. போன லீவு முடிந்து புறப்படுகிற அன்று கறுப்பாக ஒரு வாட்ச்சை என் இடது கையில் கட்டிவிட்டாள்.

"நீ விழுந்தா இது எனக்குப் போன்ல செல்லும்மா."

"நான் ஏன் ஏட்டி விழுகேன்?"

"எல்லாரும் அப்பிடித்தான் கேக்காவ, பெறவு விழுகாவ."

வாட்ச் வேலை செய்கிற விதத்தையும் அவளே விளக்கினாள். விழுந்தவரை அதற்குக் கண்ணால் பார்க்க முடியாது. கை எவ்வளவு வேகத்தில் கீழே வருகிறது என்று அளக்கும். அதைத் தொடர்ந்து ஒரு இடி வந்ததா என்று பார்க்கும். இடித்த பிறகு ஆள் அசையாமல் இருந்தால், விழுந்துவிட்டார் என்று முடிவு கட்டும். கை அதிரும்படி அலறும். திரையில் இரண்டு பொத்தான்கள் வரும்: சிவப்பு என்றால் உதவி வேண்டும், பச்சை என்றால் ஒன்றுமில்லை. எதையும் தொடாமல் கிடந்தால் சிவப்பு என்று எடுத்துக்கொண்டு மகளுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போன் போகும். பச்சையை அமுக்கினால் மகளுக்கு ஒரு வரி மட்டும் போகும், "விழுந்தார், நலம் என்கிறார்" என்று. நல்ல யோசனைதான். வார்டில் வேலை பார்த்த காலத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனையோ பேர் கட்டிலுக்கடியில் கிடந்து கத்தியிருக்க வேண்டாம்.

ஆனால் அதைச் செய்த மகராசனுக்கு எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம் தெரியாது. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு பாட்டு, வேத வாசிப்பு, பிறகு முழங்கால்படியிட்டு ஜெபம். குடும்பம் என்று இப்போது நான் ஒருத்திதான், ஆனாலும் உண்டு. முட்டு தேய்ந்தவள் முழங்கால் போடுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் நான் இறங்குவேன். மீதி தூரம் உடம்பு தானாக இறங்கும். தொப்பென்று முட்டு தரையில் இடிக்கும், கை கட்டில் சட்டத்தில் இடிக்கும். அதன் பிறகு கண்ணை மூடி அசையாமல் இருப்பேன். வேகம், இடி, அசைவின்மை. என் ஜெபத்தை இதைவிடச் சரியாக யாராலும் விவரிக்க முடியாது.

அவள் மஸ்கட் போய்ச் சேர்ந்த முதல் நாளே ஜெபத்தின் நடுவில் அலறிவிட்டது. என்னவென்று புரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோதே மஸ்கட்டிலிருந்து போன், பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டு பிலோமினா. அவள் மீன் விற்கிறவள், கத்தோலிக்கக்காரி, குரல் கடலுக்குக் கேட்கும். "எக்கா, மாதாவே, விழுந்திட்டியளா?" என்று வந்தவள், நான் முழங்காலில் இருப்பதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"சவத்த, ஜெபத்துக்கு முந்தி கழத்தி வச்சிடுகேன்" என்று ஷைனியிடம் சொன்னேன்.

"கழத்தப்பிடாது. கழத்தினா பெறவு கெட்ட மறந்து போவ. அது கத்திச்சுன்னா பச்சைய அமுக்கிக்கோ."

அப்படியே செய்தேன். ஜெபத்தில் கண்ணைத் திறக்கக் கூடாது என்பது சின்ன வயதில் அடி வாங்கிப் படித்த பழக்கம். அதனால் கண்ணை மூடியபடியே பச்சையை அமுக்கப் பழகினேன். வாரங்கள் போகப் போக வலது கைப் பெருவிரலுக்கு அந்த இடம் தானாகத் தெரிந்துவிட்டது. முழங்கால், அலறல், பச்சை, ஜெபம். ஆமென் மாதிரி அதுவும் ஜெபத்தில் சேர்ந்துகொண்டது.

விழுந்தது ஆனி மழை நாளில், மதியத் தூக்கத்துக்குப் பிறகு. கொல்லையில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஓட்டில் மழைச் சத்தம் கேட்டதும் கட்டிலிலிருந்து சாடி எழுந்தேன். நாலு எட்டு வைத்திருப்பேன், அடுக்களை வாசலில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அங்கே கிடந்த கால்மிதி வழுக்கியது. அவ்வளவுதான். வலது இடுப்பு தரையில் அடித்தபோது ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, எலும்பு போயிற்று.

வாட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அலறியது. நான் வலியில் கண்ணை இறுக்கி மூடிக் கிடந்தேன். வலது கைப் பெருவிரல் தானாகப் போய்ப் பச்சையை அமுக்கியது.

கண்ணைத் திறந்தபோது திரை அணைந்துகொண்டிருந்தது. "சவமே, இன்னொருக்கா அடி" என்றேன். அது ஏன் அடிக்கப் போகிறது? பக்கவாட்டில் அவசரத்துக்கு ஒரு பொத்தான் உண்டு, அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று ஷைனி சொல்லித் தந்திருந்தாள். அந்த நேரத்தில் அது மனசில் வரவே இல்லை. போன் கட்டிலில் சார்ஜில் கிடந்தது. கத்திப் பார்த்தேன். பிலோமினா வீட்டுத் தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. காலைப் பார்த்தேன். வலது கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. எக்ஸ்ரே எடுக்காமலே சொல்லிவிடலாம், தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கிறது. அசையாமல் கிடந்தேன், அசைந்தால் இன்னும் மோசமாகும். எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்ததை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மஸ்கட்டில் ஷைனி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாளாம். போனில் அந்த வரி வந்தது: விழுந்தார், நலம் என்கிறார். தினமும் வருகிற வரிதான். போனைக் கீழே வைத்தவள் மணியைப் பார்த்திருக்கிறாள். ஊரில் இப்போது சாயங்காலமே ஆகவில்லையே, அம்மா இந்த நேரத்தில் ஜெபம் பண்ணமாட்டாளே என்று தோன்றியிருக்கிறது. எனக்குப் போன் அடித்தாள், எடுக்கவில்லை. பிலோமினாவுக்கு அடித்தாள்.

துணி காயப் போட்டபோது திறந்து வைத்த பின்வாசல் வழியாக மீன் செதிள் ஒட்டிய கையோடு பிலோமினா வந்து நின்றாள்.

"ஐயோ எக்கா! என்ன இஞ்ச கெடக்கிய?"

"தொடாத ஏட்டி! தூக்கப்பிடாது. ஆம்புலன்ஸுக்குப் போன் போடு, ஒரு தலையாணி எடுத்து காலுக்கு அணைச்சு வை."

"வாட்ச் கெட்டியிருக்கியளே, அது ஒண்ணும் செல்லல்லியா?"

"செல்லிச்சு. நாந்தான் ஒண்ணுமில்லன்னு செல்லிட்டேன்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வலியில் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்திருப்பாள்.

நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எக்ஸ்ரே அறை வாசலில் ஸ்ட்ரெச்சரில் காத்துக் கிடந்தபோதுதான் ஒன்று தெரிந்தது: நோயாளிகள் மேற்கூரையை மட்டுமே பார்க்கிறார்கள். எத்தனையோ வருஷம் அவர்களைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன், ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஒட்டடை தொங்கியது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பின் உச்சியில் ஒரு உருண்டை இருக்கிறது, அது இடுப்புக் குழிக்குள் சுழலும். உருண்டையையும் எலும்பையும் சேர்க்கிற மெல்லிய பகுதிதான் கழுத்து. உருண்டைக்கு ரத்தம் அந்தக் கழுத்து வழியாகவே போகிறது. கழுத்து முறிந்தால் உருண்டை பட்டினி கிடந்து செத்துவிடும். அதனால் என் வயதில் முறிவைச் சேர்த்துக் கட்டுவதில்லை. உருண்டையை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றைப் பொருத்துகிறார்கள். முறிவுக்குக் காரணம் எலும்பு மெலிவு. கறையான் அரித்த கதவு நிலை மாதிரி, வெளியே பெயிண்ட் நன்றாகத்தான் இருக்கும்.

இது எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்த விஷயம் நம்மைப் பற்றியதாக இருக்கும்போது புதிதாகத்தான் கேட்கிறது.

இருதயத்துக்கு ஒரு படம், ரத்தத்துக்கு நாலு குப்பி. வாட்ச்சைக் கழற்றி ஒரு கவரில் போட்டார்கள். அதே கையில் மஞ்சள் பட்டை ஒன்றைக் கட்டினாள் ஒரு சின்ன நர்ஸ். விழுந்துவிடும் ஆபத்து உள்ளவர் என்று அதற்கு அர்த்தம்.

"பாட்டி, தனியா எந்திரிக்கப்பிடாது, என்ன?"

"எனக்குத் தெரியும் மக்கா. இத நான் உன் வயசுலயே ஆளுகளுக்குச் சென்னவளாக்கும்."

"அப்பம் சரி பாட்டி" என்று சொல்லிவிட்டுக் கட்டில் கம்பியை ஏற்றிவிட்டுப் போனாள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவள் செய்தது சரி.

மறுநாள் காலையில் திருவனந்தபுரத்தில் இறங்கி நேரே வந்து சேர்ந்தாள் ஷைனி. வந்ததும் அழவில்லை. என் தலையை வாரிப் பின்னிவிட்டாள், நகம் வெட்டிவிட்டாள், முதுகுக்குப் பவுடர் போட்டாள். கடைசியில் வாட்ச் கிடந்த கவரைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"மிஷினு ஒழுங்கா செல்லியிருக்கு. நீதான் பொய் சென்னது."

"பொய் இல்ல. வெரலு பழக்கத்துல…"

"எதுவா வேணும்னாலும் இருக்கட்டும்மா. மிஷின நம்பலாம், உன்ன நம்ப முடியாது. மார்த்தாண்டம் பக்கத்துல ஒரு ஹோமு இருக்கு. சபைக்காரங்க நடத்துகது. பேரு குடுத்தாச்சு, ரூமு ஒழிஞ்சதும் கூப்பிடுவாவ."

அந்த மாதிரி முதியோர் இல்லங்களை எனக்குத் தெரியும். மோசமான இடங்கள் ஒன்றுமில்லை. சுத்தமான விரிப்பு இருக்கும், நேரத்துக்குக் கஞ்சி வரும், பாட்டு நடக்கும். ஆனால் அங்கே கதவைப் பூட்டிச் சாவியை நாம் இடுப்பில் சொருக முடியாது. அன்றைக்குத்தான் பயந்தேன். கால் போய்விடுமே என்றல்ல. சர்ஜரியில் போய்விடுவேனோ என்றுகூட அல்ல. காலைச் சரிசெய்து கொண்டுவந்து, அந்தக் காலால் என் வீட்டுக்கு நடக்கவிடாமல் செய்துவிடுவார்களே என்று பயந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. நாடி பார்க்க வந்த நர்ஸ், "ஆப்பரேஷனுக்குப் பயப்படாதீங்க பாட்டி" என்றாள்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். விழித்துக்கொண்டே இருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் தச்சுப் பட்டறைச் சத்தம். அது என் எலும்பு என்று தெரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை. ஷைனி வெளியே பெஞ்சில் இருந்தாள், பக்கத்தில் பிலோமினா. அவள் அன்றைக்கு மீன் ஏலத்துக்குப் போகவில்லையாம். வார்டுக்கு வந்த பிறகு தலையணைக்கடியில் ஏதோ உறுத்தியது. எடுத்துப் பார்த்தால் ஜெபமாலை. எங்கள் சபையில் அதெல்லாம் கிடையாது. இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

அடுத்த நாளே எழுப்பி நிறுத்தினார்கள். கிடந்தால் காலில் ரத்தம் உறையும், உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் ஆள் காலி. அதற்காக வயிற்றில் தினமும் ஒரு ஊசி. நிறுத்தும்போது டாக்டர் ஒரு சோதனை செய்தார். படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், நிற்க வைத்து மறுபடி பார்த்தார். நின்றதும் அழுத்தம் மளமளவென்று இறங்கியது. படுத்திருப்பவர் சட்டென்று எழும்போது ரத்தம் காலுக்கு இறங்கிவிடும், உடம்பு சுதாரிப்பதற்குள் தலைக்குப் போதாமல் கண் இருட்டும். பிரஷர் மாத்திரை அளவு கூடிப்போயிருக்கிறது.

"ஆளு விழுந்த பெறவுதான் வாட்ச் கத்தும்மா. விழுகதுக்கு முந்தி கத்த அதுக்குத் தெரியாது" என்றார் டாக்டர். "விழாம இருக்கணும்னா மாத்திரையக் குறைக்கணும். எந்திரிச்சா கட்டில் ஓரத்துல கொஞ்சம் இருந்துட்டு நிக்கணும். வீட்ல கால்மிதி எல்லாத்தையும் தூரக் களையுங்க." பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "தரையில இருக்கப்பிடாது. முழங்கால் போடவே கூடாது."

ஷைனி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, அதை அவர்களுக்குக் காட்ட இஷ்டமில்லை. பார்க்க வந்த போதகர் ஐயா, நாற்காலியில் இருந்து ஜெபித்தாலும் கேட்கப்படும் என்று ஆறுதல் சொன்னார். "கேக்கும் ஐயா. ஆனா எனக்கு ஜெபிச்ச மாதிரி இருக்காது" என்றேன். அவர் மட்டிப்பழத்தில் ஒன்றை உரித்துத் தின்றுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது ஷைனி எல்லாவற்றையும் மாற்றியிருந்தாள். கால்மிதிகள் போய்விட்டன. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, ராத்திரி கால் கீழே வைத்தால் தானாக எரிகிற விளக்கு. படுக்கையறையிலும் குளியலறையிலும் சுவரில் சோப்புப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி.

"குளிக்கப்பட்ட எடத்துல என்ன சவமாக்கும் இது?"

"காமிரா இல்லம்மா. ரேடார். கப்பல்ல இருக்கது மாதிரி. அலைய அனுப்பி, நீ நிக்கியா, தரையில கெடக்கியான்னு மட்டும் பாக்கும். இதுல பச்சப் பொத்தான் கெடையாது."

கடைசி வாக்கியத்தை அழுத்திச் சொன்னாள். வாட்ச்சும் கையில் திரும்ப வந்தது. லீவு முடிந்து புறப்படுகிற அன்று அவளிடம் நேரடியாகக் கேட்டேன்.

"ஹோம்காரங்க கூப்பிட்டாவளா?"

"அடுத்த மாசம் ரூமு ஒழியுமாம். அதுவரைக்கும் இரு. பெறவு பாப்போம்."

"அங்க இந்த வாட்ச் கெட்டலாமா?"

"தேவையில்லன்னு சென்னாவ. அவிய பாத்துக்கிடுவாவளாம். மாசத்துக்கு ஒருக்கா போட்டோ அனுப்புவாவளாம்."

அவ்வளவுதான் பேசினோம். அவள் என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினாள். பிலோமினா வாசலில் நின்று மூக்கைச் சிந்தினாள்.

ஷைனி போய் மறுநாள் சாயங்காலம்தான் முதல் முறையாகத் தனியாக ஜெபத்துக்கு உட்கார்ந்தேன். இருக்கைக்கு மேல் தலையணை போட்டு உயர்த்திய நாற்காலி. பாட்டுப் பாடினேன், வாசித்தேன், கண்ணை மூடினேன். வாட்ச் அலறவில்லை. வலது கைப் பெருவிரல் மட்டும் இடது மணிக்கட்டுக்குப் போய் வெறுமனே நின்றது. ஜெபத்தை முடித்துவிட்டு, டாக்டர் சொன்னபடி கொஞ்சம் இருந்துவிட்டு எழுந்து, கஞ்சியை அடுப்பில் வைத்தேன்.

போன் அடித்தது.

"அம்மா! என்னாச்சு?"

"என்ன ஆவ? ஜெபம் முடிஞ்சுது. கஞ்சி குடிக்கப் போறேன்."

"பெறவு ஏன் ஒண்ணும் வரல்ல?"

"என்னத்த வரல்ல?"

"நீ விழுந்தேன்னு வரல்லியேம்மா!"

"விழாட்டா நல்லதுல்லா மக்கா?" என்று சொல்லிச் சிரித்தேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகுதான் அழுகிறாள் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பொட்டு அழாதவள்.

"உனக்குத் தெரியாது. நான் ஸ்கூல் விட்டு வந்து போனப் பாத்துட்டே இருப்பேன். விழுந்தார், நலம்னு வரும். செரி, அம்ம இருக்கா, முட்டுக் குத்தியாச்சு, ஜெபம் நடக்குதுன்னு நெனச்சுட்டுப் போய் அரிசி களைவேன். இத்தற நாளும் அப்பிடித்தான். இன்னைக்கு வரல்ல. நான் அடுப்பே பத்த வைக்கல்ல."

"ஏட்டி, சுவத்துல ரெண்டு பெட்டி வச்சிட்டுப் போயிருக்கியே?"

"அது நீ கெடந்தாத்தான் செல்லும். இருக்கேன்னு செல்லாதே."

அடுப்பில் கஞ்சி கொதித்தது. கொதிக்கட்டும் என்று நின்றேன்.

"என்ன நம்ப முடியாதுன்னு சென்னியே மக்கா" என்றேன்.

"ஏழு மணிக்கு நம்புவேன்" என்றாள்.

அவளே தொடர்ந்தாள். "அந்த ஹோமுல மாசத்துக்கு ஒரு போட்டோ. நடுவுல எத்தற சாயங்காலம் இருக்கு? நாளைக்குப் பேர வெட்டச் செல்லுகேன். ஆனா நீ எனக்கு ஏதாவது ஒரு வழி செய்யணும்."

"போனக் காதுல வச்சிட்டே இரு" என்றேன்.

அடுப்பை அணைத்துவிட்டுப் படுக்கையறை வாசலுக்குப் போய் வாட்ச்சைக் கழற்றினேன். தலைக்கு மேலே உயர்த்திக் கட்டில் மெத்தையில் ஓங்கி எறிந்தேன். வேகம், இடி, அசைவின்மை. சவம் ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறியது. பைய நடந்துபோய் எடுத்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பச்சையை அமுக்கினேன்.

போனில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து குழாய் திறக்கிற சத்தம், பாத்திரத்தில் அரிசி விழுகிற சத்தம்.

அன்றிலிருந்து தினமும் ஏழு மணிக்கு, நாற்காலியில் ஜெபத்தை முடித்ததும், நான் மெத்தையில் விழுகிறேன்.